கிளட்ச் இல்லாத வண்டியும் கைசுத்தமுள்ள பட்டறையும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற திங்கள் இதே இடத்தில் நின்று பேசிய பேராசிரியர் சிலம்பின் காட்சிகளை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு முந்திய திங்கள் கம்பனைக் கேட்டோம். அவர்கள் நின்ற இடத்தில் இன்று நிற்பவன் பத்தாம் வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டவன். தென்கிழக்கு ரயில்வேயில் எழுத்தன். "எனக்கு என்ன பேசத் தெரியும்?" என்று செயலாளரிடம் மன்றாடினேன். "கடந்த ஓராண்டாக ஞாயிறுதோறும் சங்கத்துக்கு வராமல் எங்கே சுற்றினீர்? அதைச் சொல்லும்" என்றார். ஆகவே இது குற்றவாளிக் கூண்டிலிருந்து தரும் வாக்குமூலம் என்று கொள்ளுங்கள்.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டில் 1955ஆம் ஆண்டின் ஷெவர்லே பெல் ஏர் வண்டி ஒன்று இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லலாகாது என்பது அவர் கட்டளை. ஆனால் லேக் மார்க்கெட்டுப் பக்கம் குடியிருக்கும் நம்மவருக்கு அந்த வண்டியைத் தெரியாமலிராது. அவருடைய தந்தையார் கிளைவ் தெருவில் ஆங்கிலக் கம்பெனி ஒன்றில் தலைமைக் கணக்கராக இருந்தவர். வெளிநாட்டு அலுவலர் ஒருவர் ஊர் திரும்பியபோது விற்றுச் சென்ற வண்டியை 1962இல் வாங்கினார். அந்த வண்டியில் பிரேக் உண்டு, ஆக்ஸிலரேட்டர் உண்டு; கிளட்ச் மிதி கிடையாது. பவர்கிளைடு என்னும் தானியங்கி கியர்ப்பெட்டி பொருத்திய வண்டி அது. பட்டறைக்காரர் வாயில் அதற்கு 'ஆட்டோமேட்டிக்' என்று பெயர்.

1970இல் அந்த வீட்டுக்கு மருமகளாகக் கும்பகோணத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அவருக்கு நான்கு வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு இடக்கால் வலுவிழந்திருந்தது. வந்த இரண்டாம் ஆண்டில் மாமனார் மருமகளை அழைத்து, "அம்மா, இடக்காலுக்கு வேலையே இல்லாத வண்டி ஒன்று நம் வீட்டில் சும்மா நிற்கிறதே" என்றாராம். அந்தக் காலத்து மாமனாரின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அதிகாலையில் ரெட் ரோட்டில் ஓட்டப் பழகினார். பிறகு மெட்ரோ ரயிலுக்காக நகரம் தோண்டிப் போடப்பட்டிருந்த ஆண்டுகள் முழுவதும், 1984இல் முதல் ரயில் ஓடும்வரையிலும் அதற்குப் பின்னரும், பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிட்டதும் அழைத்து வந்ததும் அவர்தான். அந்த அம்மையார் இன்று இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் தவறாகச் சொன்னால் திருத்துவார்கள்.

இனி நோயைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு கோடையில் வண்டி தகராறு செய்யத் தொடங்கியது. கைப்பிடியை 'டி' எழுத்துக்குத் தள்ளினால் எஞ்சின் மட்டும் இரையும், வண்டி நகராது. ஓரிரு நொடி கழித்துத் திடீரென்று தூக்கிப்போட்டாற்போலப் பாயும். புகைபோக்கியிலிருந்து வெண்புகை வரும். கியர்ப்பெட்டியின் எண்ணெய் வாரத்துக்கு வாரம் குறையும்; ஆனால் வண்டிக் கொட்டகையின் தரையில் ஒரு சொட்டுக்கூட இராது. இந்தக் கடைசிக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைக் கண்டோர் அனைவரும் ஒரே மருந்து சொன்னார்கள். "அம்பாசடர் கியர்ப்பெட்டியை எடுத்துப் பொருத்தி, ஒரு கிளட்ச் மிதியை வைத்துவிடுங்கள், வாழ்நாள் முழுவதும் தொல்லை இராது." பெங்களூரிலிருக்கும் மகனும் அதையே சொன்னார். அவர் படித்தவர், சான்றும் காட்டினார். 1953 ஆகஸ்டு 12 அன்று அமெரிக்காவில் லிவோனியா என்னுமிடத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமாட்டிக் தொழிற்சாலை எரிந்து சாம்பலாயிற்று. கியர்ப்பெட்டி இல்லாமல் வண்டிகள் தேங்கவே, கெடிலாக் வண்டிக்கு பியூக் வண்டியின் கியர்ப்பெட்டியையும், போண்டியாக்குக்கு ஷெவர்லேயின் பவர்கிளைடையும் வைத்து அந்தக் கம்பெனியே விற்றது. "செய்தவனே மாற்றி வைத்தான், நாம் வைத்தால் என்ன?" என்பது மகனின் வாதம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவர்கள் கிளட்ச் இல்லாத ஒன்றை எடுத்துவிட்டுக் கிளட்ச் இல்லாத இன்னொன்றை வைத்தார்கள், தம்பி. மிதி வைத்துவிட்டால் இது உன் அம்மாவின் வண்டியாக இராது" என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அம்பாசடர் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. என்னை மட்டும் அழைத்து, "நீ ஊர் சுற்றுகிறவன், நம்பத்தகுந்த பட்டறை ஒன்று கண்டுபிடி" என்றார்.

இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தேடப் புறப்படுதல் கண்ணைக் கட்டிக்கொண்டு மாடு பிடிப்பதாகும். ஆகவே முதலில் அதைக் கற்றேன். தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும்படி சொல்கிறேன். அண்டா நிறையப் பாயசம் இருக்கிறது. ஒரு கரண்டியால் அதை வேகமாகச் சுழற்றினால், உள்ளே கிடக்கும் மற்றொரு கரண்டியும் தானே சுழலும். இரண்டையும் இணைப்பது பாயசம் ஒன்றே. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே இவ்வாறு எண்ணெயையே கயிறாகக் கட்டியிருக்கும் உறுப்புக்கு 'டார்க் கன்வர்ட்டர்' என்று பெயர். திரும்பி வரும் எண்ணெயைச் சரியான திசையில் செலுத்த நடுவே மூன்றாவது சக்கரம் ஒன்று உண்டு. அதனால் சுழற்றும் வலிமை பெருகுகிறது. 1905இல் ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் கப்பலுக்காகக் கண்டறிந்த முறை இது. ரயில்வேக்காரனுக்கு இதில் உரிமைப் பேச்சு ஒன்றும் உண்டு. நம் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1960களின் பிற்பகுதியிலிருந்து செய்த டபிள்யூ.டி.எஸ்-4 வகை ஷண்டிங் டீசல் எஞ்சின்களும் எண்ணெயின் வழியே விசை செலுத்துவனவே. நம் ரயில்வேயின் பொறியாளராயிருந்து, பின்னர் துர்க்காபூரின் மைய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிலையத்துக்கு இயக்குநரான மன்மோகன் சூரி அவர்கள் இத்துறையில் தம் பெயராலேயே வழங்கும் ஓர் அமைப்பைக் கண்டு, 1962இல் பட்நாகர் பரிசு பெற்றார். அந்த எஞ்சின்களை ஆண்டுக்கணக்கில் பார்த்திருந்தும், அவற்றின் வயிற்றில் பாயச அண்டா இருப்பது எனக்குத் தெரியாமற் போயிற்று.

கன்வர்ட்டருக்குப் பின்னால் பற்சக்கரங்கள். நடுவே ஞாயிறு போல் ஒரு சக்கரம், சுற்றிலும் கோள்கள் போல் சிறு சக்கரங்கள். கோயிலில் நவக்கிரகங்கள் ஒன்றையொன்று பாராமல் நிற்கும். இவையோ ஒன்றோடொன்று பல் கடித்துக்கொண்டே இருக்கும். எதை நிறுத்துவது, எதைச் சுழலவிடுவது என்பதை உருளையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டைகளும், அடுக்கடுக்கான கிளட்ச்த் தட்டுகளும் முடிவு செய்கின்றன. அவற்றை இயக்குவது எண்ணெயின் அழுத்தம். பவர்கிளைடில் முன்செல்ல இரண்டே நிலைகள். 1950இல் ஷெவர்லே இதை வெளியிட்டபோது கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குத் தானே மாறும் வசதிகூட இல்லை. 1953இல்தான் அது வந்தது. எளிய பெட்டி, தடித்த வார்ப்பிரும்புக் கூடு. ஒழுங்காக எண்ணெய் பார்த்தால் மனிதனைவிட நீண்ட காலம் இருக்கும்.

அப்படியிருக்க, இந்தப் பெருநகரில் இதைத் திருத்தத் தெரிந்தவர் ஏன் அரிது? அதற்கு வரலாறு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலிருந்து பம்பாயில் வண்டிகளைப் பொருத்தி விற்றுவந்தது. உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டமில்லாதவர்கள் பொருத்துதலை விட்டுவிட வேண்டும் என்று 1953இல் சுங்கவரி ஆணையம் சொன்ன பரிந்துரையை அரசு ஏற்றது. 1954இல் அந்தக் கம்பெனி கடையைக் கட்டியது. அதற்குப் பின் நம் சாலைகளை ஆண்டது ஹௌராவிலிருந்து லோக்கல் ரயிலில் போனால் ஹிந்த்மோட்டார் நிலையத்தை ஒட்டித் தெரியும் உத்தர்பாரா தொழிற்சாலையின் அம்பாசடர். அதுவும், அதன் பங்காளிகளான ஃபியட்டும் ஸ்டாண்டர்டும், பின்னர் வந்த மாருதியும் பெரும்பாலும் கிளட்ச் மிதிக்கும் வண்டிகளே. இரண்டு தலைமுறை மெக்கானிக்குகள் தானியங்கிப் பெட்டி ஒன்றைத் திறந்துகூடப் பார்க்காமலே தொழில் கற்று, தொழில் செய்து, ஓய்வும் பெற்றுவிட்டார்கள். 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாருதியின் செலெரியோ வந்த பின்னரே எளிய குடும்பத்தார் கிளட்ச் இல்லாத வண்டியை வாங்கலானார்கள்; அதே ஆண்டு மே திங்களில் உத்தர்பாராவில் அம்பாசடர் நின்றுபோயிற்று. ஆனால் செலெரியோவில் இருப்பது சாதாரண கியர்ப்பெட்டிதான். கிளட்சை மிதிக்கும் வேலையை மட்டும் இயந்திரம் செய்கிறது. அதைத் திருத்தத் தெரிந்தவருக்குப் பவர்கிளைடு தெரியும் என்று எண்ணிவிடலாகாது. நான் எண்ணினேன், ஏமாந்தேன்.

முதலில் போன பட்டறை பெரியது. எங்கிருந்தது, என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டா. கண்ணாடி அறை, குளிர்சாதனம், சீருடை. அங்கிருந்தவர் எஞ்சினை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்து, "எண்ணெய் நிறைய இருக்கிறது, உள்ளே தட்டுகள் போய்விட்டன, முழுவதும் பிரித்துக் கோக்க வேண்டும்" என்றார். இந்தப் பெட்டியில் எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் அளக்க வேண்டும். நின்றுவிட்டால் கன்வர்ட்டரிலுள்ள எண்ணெய் கீழே வடிந்து, இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டும். அந்த ஒரு செயலிலேயே அவருக்குத் தெரியாது என்பது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்று அது தெரியாது. 18,000 ரூபாய் பேசி, முழுத்தொகையையும் முன்பணமாகவே கொடுத்தோம்.

ஒன்று மட்டும் செய்தேன். நான் ஷாலிமாரில் பார்சல் அலுவலகத்தில் பல ஆண்டு இருந்தவன். சரக்கு வேகன் வந்தால் முதலில் கதவைத் திறக்கமாட்டோம், முத்திரையைப் பார்ப்போம். முத்திரை உடையாமலிருந்தால் உள்ளிருப்பது புறப்பட்ட இடத்துக் கணக்கு. உடைந்திருந்தால் வழியில் வந்தவர் கணக்கு. அந்தப் பழக்கத்தால், வண்டியை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் கீழே படுத்து, கியர்ப்பெட்டியின் அடித்தட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் நான்கின்மீது, தலையும் தட்டும் சேருமிடத்தில், என் மகளுடைய நகப்பூச்சைத் தொட்டு வைத்தேன். சிவப்புப் பொட்டு, உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாது.

பத்து நாளில் வண்டி வந்தது. பெட்டியை முழுவதும் பிரித்து, தட்டு, பட்டை, சீல் எல்லாம் புதிதாக வைத்ததாக அச்சிட்ட பட்டியலும் வந்தது. கூடு பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. கீழே படுத்துப் பார்த்தேன். நான்கு பொட்டும் விரிசலின்றி இருந்தன. அடித்தட்டையே கழற்றாதவர் உள்ளே தட்டு மாற்றியது எவ்விதம்? புதிய எண்ணெய் மட்டும் நிரப்பியிருந்தார்கள். அதனால் ஒரு வாரம் நன்றாக ஓடியது. மீண்டும் வெண்புகை. போய்க் கேட்டோம். "பழைய உறுப்புகள் எங்கே?" என்றேன். "குப்பையில் போட்டுவிட்டோம்" என்றார்கள். நகப்பூச்சைச் சொன்னேன், சிரித்தார்கள். அந்தப் பணம் திரும்பவில்லை.

பெரியவர் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் உறுத்தியது. நான் சொல்லித்தான் அங்கே போனார்.

பிறகு முறையாகத் தேடினேன். இந்நகரில் பழைய வண்டிக்காரர்களுக்கெல்லாம் காசி போன்றது மல்லிக் பஜார். பார்க் தெருவும் கீழைச் சர்க்குலர் சாலையும் கூடும் முனையில், மைக்கேல் மதுசூதன தத்தர் துயிலும் கல்லறைத் தோட்டத்துக்கு அருகே, பழைய உறுப்புகள் மலைபோல் குவிந்திருக்கும். வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் அதே வண்டியைத் தனித்தனி உறுப்பாக வாங்கலாம் என்று நகைச்சுவையாகச் சொல்வார்கள். அங்கு உழைத்துப் பிழைக்கும் நல்லவர்களுக்கு அது பொருந்தாது. மூன்று ஞாயிறு அங்கே, "ஆட்டோமேட்டிக் திருத்துவதில் சிறந்தவர் யார்?" என்று கேட்டுத் திரிந்தேன். கேட்ட ஒவ்வொருவரும் தம் மைத்துனர் பெயரையே சொன்னார்கள். கேள்வி தவறு என்று அப்போதுதான் உறைத்தது.

நான்காம் ஞாயிறு பட்டறைக்குப் போகவில்லை. எண்ணெய்க் கடைக்குப் போனேன். தானியங்கிப் பெட்டிக்கு ஊற்றுவது தனி எண்ணெய். எஞ்சின் எண்ணெயோடு மயங்காதிருக்கச் சிவப்பு நிறமூட்டியிருப்பார்கள். 1950களில் அதற்கு 'டைப் ஏ' என்று பெயர். அக்காலத்தில் அதில் திமிங்கல எண்ணெயும் சேர்ந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்தபின் வேறு பொருள்களுக்கு மாறினார்கள். இன்று டெக்ஸ்ரான் வகையை ஊற்றுகிறார்கள். கடைக்காரரிடம், "சிவப்பெண்ணெயை மாதந்தோறும் தவறாமல் வாங்குகிற மிஸ்திரிகள் யார் யார்?" என்று கேட்டேன். மூன்று பேரைச் சொன்னார். இருவர் புதிய வெளிநாட்டு வண்டிகளைப் பார்ப்பவர்கள். மூன்றாமவரைப் பற்றிச் சொல்லும்போது, "அவர் கொஞ்சமாகத்தான் வாங்குவார், ஆனால் டின்னின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்த்துத்தான் வாங்குவார்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எண்டாலிப் பக்கம் சந்துக்குள் சந்து. நாங்கள் போய்ச் சேர்ந்த நாள் செப்டம்பர் 17, விசுவகர்மா பூசை. வானமெங்கும் காற்றாடி. பட்டறையில் கருவிகளுக்கெல்லாம் பூச்சூட்டி வைத்திருந்தார்கள். எழுபதை எட்டிய மிஸ்திரி சந்தேஷ் கொடுத்து உட்காரவைத்தார். "இன்று கருவியைத் தொடமாட்டோம், தாதா. வாயால் சொல்லுங்கள்" என்றார். கருவியைத் தொடக்கூடாத நாளாக இருந்தது எங்கள் நற்பேறு. ஒரு மணி நேரம் அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். வெண்புகை எப்போது வருகிறது, ஏறும்போதா இறங்கும்போதா? புகை வரும் நாளில் எண்ணெய் குறைகிறதா? தரை ஈரமா? பின்னோக்கிச் செல்லும்போதும் வழுக்குகிறதா? பாட்டரி இறங்கிய நாளில் தள்ளிக் கிளப்பிப் பார்த்தீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு வேடிக்கையாகப் பட்டது. தானியங்கி வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாதே என்றேன். "இன்றைய வண்டியை முடியாது. இதில் பின்பக்கமும் ஒரு எண்ணெய்ப் பம்பு இருக்கிறது. வேகமாகத் தள்ளினால் கிளம்பும். கிளம்பினால் அந்தப் பம்பு உயிரோடிருக்கிறது என்று பொருள்" என்றார். அம்மையார் அப்போது வாய் திறந்து, "இரண்டாண்டுக்கு முன்பு டாக்குரியா மேம்பாலத்தின் இறக்கத்தில் கிளப்பினோம்" என்றார்கள். மிஸ்திரி அதுவரை எங்கள் இருவரிடம் பேசிக்கொண்டிருந்தவர், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "மாஷிமா, வண்டி ஓட்டுவது நீங்களா? அப்படியானால் முதலிலிருந்து நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுபோனோம். எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய்க் கோலை உருவினார், வெள்ளைத் துணியில் துடைத்தார், முகர்ந்தார், துணியை எங்களிடம் நீட்டி முகரச் சொன்னார். கருகிய நாற்றம். பிறகு எஞ்சினிலிருந்து கியர்ப்பெட்டிக்குப் போகும் சிறு குழாயைக் கழற்றி, அதன் முனையில் விரல் வைத்தார். விரலில் சிவப்பெண்ணெய். எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையால் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறு கிண்ணம் அங்கே உண்டு, மாடுலேட்டர் என்பார்கள். அதற்குள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருந்தது. கிழிசலின் வழியே எஞ்சின் கியர்ப்பெட்டி எண்ணெயைக் குடித்து, புகையாக வெளியேற்றிக்கொண்டிருந்தது. தரையில் சொட்டாத எண்ணெய் போன வழி அதுதான். "தொடக்கத்தில் வந்திருந்தால் இந்தக் கிண்ணம் ஒன்றோடு போயிருக்கும். எண்ணெயில்லாமல் ஓட்டியதில் தட்டுகள் கருகிவிட்டன. இப்போது பிரித்தே ஆக வேண்டும்" என்றார். முதற்பட்டறையில் நாங்கள் இழந்தது பதினெட்டாயிரம் மட்டுமன்று என்பது அப்போதுதான் விளங்கியது.

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதினார். ஒரு பத்தியில் கட்டாயம் மாற்ற வேண்டியவை: தட்டுகள், சீல்கள், கேஸ்கெட்டுகள், மாடுலேட்டர். மற்றதில், திறந்து பார்த்த பின்னரே சொல்லக்கூடியவை: பட்டைகள், புஷ்கள், பம்புகள். இரண்டாம் பத்திக்கு எதிரே தொகை எழுத மறுத்தார். மகன் தொலைபேசியில், "தொகை சொல்லாதவரை நம்பாதீர்கள்" என்றார். எனக்கும் ஐயமே. ஒரு முறை சுட்டுக்கொண்ட கை அல்லவா? ஆகவே வண்டியை விடுமுன் மீண்டும் நகப்பூச்சுப் பொட்டு வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து மிஸ்திரி தொலைபேசியில் அழைத்தார். "தாதா, வண்டி இன்னும் நான் தொடவில்லை. நீங்கள் ஒரு நடை வர வேண்டும்" என்றார். போனேன். வண்டி மேடைமீது ஏறியிருந்தது. என்னைக் கீழே அழைத்து, விளக்கைப் பிடித்து, அந்தச் சிவப்புப் பொட்டைக் காட்டினார். எனக்கு முகம் வியர்த்துப்போயிற்று. அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் இடம் தவறி வைத்திருக்கிறீர்கள். இது அடித்தட்டின் போல்ட். இதைக் கழற்றி மாட்டிவிட்டு, உள்ளே ஒன்றும் செய்யாமலே உங்களை ஏமாற்றலாம். கூட்டின் முன்பாகமும் பின்பாகமும் சேருகிற இணைப்பு இது. இங்கே வையுங்கள். இதை உடைக்காமல் யாரும் தட்டுகளைத் தொட முடியாது" என்று சொல்லி, நகப்பூச்சு இருக்கிறதா என்று கேட்டார். கையில் இல்லை. தம்மிடமிருந்த பெயிண்டை ஒரு குச்சியில் தொட்டு என்னிடம் கொடுத்தார். நான் வைத்த பொட்டு நேராக விழவில்லை, கை நடுங்கியது. ஐம்பதை நெருங்கும் வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று எண்ணியதில்லை.

திறக்கும் நாளில் எங்களை வரச் சொன்னார். அம்மையார் முக்காலியில் அமர்ந்து மூன்று மணி நேரம் பார்த்தார்கள். கழற்றிய ஒவ்வொன்றும் வரிசை மாறாமல் செய்தித்தாளின்மீது வைக்கப்பட்டது. கருகிய தட்டுகளைத் தொட்டால் கரி ஒட்டியது. பட்டைகள் நன்றாக இருந்தன. அவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். பம்புகளையும் அடித்தார். பின்பக்கத்துப் புஷ் ஒன்று தேய்ந்திருந்தது. அதை ஹௌராவில் பெலிலியஸ் ரோட்டுக்கு அனுப்பி, வெண்கலத்தில் கடைந்து வாங்கினார். அளவு எடுத்து அனுப்பியதைக் கொடுத்தால் உலகில் எதையும் செய்து தரும் கடைசல் பட்டறைகள் அங்கே உண்டு என்பது நம்மூரின் பெருமை. தட்டுகளும் சீல்களும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்தன. வார்ப்பிரும்புக் கூட்டுப் பவர்கிளைடை 1962வரை செய்தார்கள். பின்னர் வந்தது அலுமினியக் கூடு. இரண்டின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஆகவே பெட்டியிலிருந்த எண்ணைத் தூரிகையால் சுத்தம் செய்து படித்து, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தே எழுதினோம். சுங்கத்தில் ஐந்து வாரம் கிடந்தது. துர்க்கா பூசை போயிற்று, காளி பூசை போயிற்று, பொங்கலும் வந்தது. அவ்வளவு நாளும் பிரித்த பெட்டி மெழுகுத்துணி போர்த்தி ஒரு மூலையில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் போய்ப் பார்த்துத் தேநீர் குடித்துவிட்டு வருவேன். செயலாளர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கு மேல் உறுப்புகளுக்கும் சுங்கத்துக்கும் போனது. மலிவு என்று சொல்லமாட்டேன். அம்பாசடர் பெட்டி இதில் ஒரு பங்குக்கு முடிந்திருக்கும்.

வண்டியை எழுத்துப்பூர்வமாகக் காப்பாற்றும் வழியையும் நடுவே பார்த்துக்கொண்டோம். 2021 ஜூலையில் மைய அரசு செய்த விதியின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகள், சட்டகத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாறுதல் செய்யாமல் காப்பாற்றப்பட்டிருந்தால், 'வி.ஏ.' எழுத்துகளோடு கூடிய தனிப்பதிவு பெறலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை நாள்தோறும் ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கே சாலையில் இறக்கலாம். பெரியவர் இன்னும் மனம் தேறவில்லை. நாள்தோறும் ஓட்டக்கூடாதென்றால் வண்டி எதற்கு என்கிறார். 1968 முதல் இந்நகரில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திய பழைய வண்டிகளின் அணிவகுப்பை ஆண்டுதோறும் நின்று பார்த்தவர். ஒரு முறைகூடத் தம் வண்டியைக் கலந்துகொள்ள விட்டதில்லை. அது காட்சிப்பொருள் அன்று என்பது அவர் கட்சி. அம்மையார் வேறு கட்சி. வீட்டுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

சரசுவதி பூசைக்கு மறுநாள் வண்டியை எடுத்தோம். மிஸ்திரி முதலில் தாம் ஓட்டிப் பார்த்தார். அழுத்தமானியை மாட்டி அளவு பார்த்தார். எண்ணெய்க் கோலைப் பார்த்தார். பின் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மாஷிமா" என்றார். அம்மையாருக்கு ஓட்டுரிமம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆகவே சாலைக்கு வரவில்லை. பட்டறை முற்றத்துக்குள்ளேயே கைப்பிடியை 'டி'க்குத் தள்ளினார்கள். வண்டி துள்ளாமல் நகர்ந்தது. முற்றத்தின் சுவர்வரை சென்று, நிறுத்தி, 'ஆர்' எழுத்துக்கு மாற்றிப் பின்னோக்கி வந்தார்கள். அதை மூன்று முறை செய்தார்கள். பையன்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். பெரியவர் மட்டும் வாயிலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ்திரி பழைய தட்டுகளையும் சீல்களையும் கிழிந்த சவ்வையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியின்மேல் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை இன்று கொண்டுவந்திருக்கிறேன். வாயிலருகே, சந்தா வாங்கும் மேசையின்மேல் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் சிற்றுண்டி முடிந்தபின் பாருங்கள். கையில் கரி ஒட்டும். பக்கத்தில் பழைய செய்தித்தாள் வைத்திருக்கிறேன்.